கிணற்றடியில் தொடங்கும் நாடு: கற்பனை விளையாட்டுக்கு ஒரு சமூகத்தைக் கட்டும் முறை

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் கற்பனை விளையாட்டுக்கு ஒரு நாடு வேண்டும் என்றதும் பெரும்பாலானோர் முதலில் எடுப்பது உடுப்பையும் கோபுரத்தையும்தான். அரசனுக்கு முடி, அரசிக்குப் பட்டு, வீரனுக்கு வேல் என்று வைத்து, ஊர்களுக்குப் பழந்தமிழ்ப் பெயர் சூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். முதல் நாள் ஆட்டம் நன்றாகவே போகும். மூன்றாம் நாள் யாரோ ஓர் ஆட்டக்காரர், "இந்த ஊருக்குச் சாப்பாடு எங்கேயிருந்து வருகிறது? தண்ணீரை மறித்தால் எத்தனை நாள் தாங்குவார்கள்?" என்று கேட்பார். அந்த இடத்தில் நாடு சரிந்துவிடும்.

ஒரு பண்பாட்டில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஏதோ ஒரு சிக்கலுக்கு அங்குள்ள சனங்கள் கண்ட பதில். வேலி ஏன் அவ்வளவு உயரம், வீடு ஏன் மகளுக்குப் போகிறது, அரசன் ஏன் யானையைத் தேடுகிறான் என்பவற்றுக்கெல்லாம் காரணம் உண்டு. அந்தக் காரணங்களை எடுத்துச் சென்றால் உடுப்பும் கோபுரமும் தாமாகவே வந்து சேரும். கீழே யாழ்ப்பாண அரசை எடுத்துக்காட்டாக வைத்து அதைச் செய்து காட்டுகிறோம். பிடித்திருந்தால் அனுராதபுரத்துக்கும் மதுரைக்கும் இதே வழியில் போகலாம்.

காலத்தையும் இடத்தையும் சுருக்குங்கள்

"தமிழர் பண்பாடு" என்று எடுத்தால் எதுவும் கைக்கு வராது. இரண்டாயிரம் ஆண்டுகளும் இரண்டு நாடுகளும் அதற்குள் அடக்கம். இரண்டு மூன்று நாளில் நடந்து கடக்கக்கூடிய நிலம், ஏறத்தாழ நூறு ஆண்டு. அதற்குமேல் வேண்டாம்.

நல்லூரைத் தலைநகராகக் கொண்ட அரசுக்கு 1467 முதல் 1560 வரையான காலம் வசதியானது. தென்னிலங்கையின் கோட்டை அரசின் படையோடு வந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த செண்பகப்பெருமாளின் ஆட்சி நீங்கி, கனகசூரிய சிங்கையாரியன் 1467இல் நாட்டை மீட்டான். 1560இல் போர்த்துக்கேயரின் பெரும் படையெடுப்பு வந்தது. 1619இல் அரசு முற்றாக வீழ்ந்தது. மீட்ட நாடு, பழைய காயம், கடலில் புதிதாகத் தெரியும் பாய்கள்: கதைக்கு வேண்டிய இறுக்கம் அந்த 93 ஆண்டுக்குள்ளேயே இருக்கிறது.

காலத்தைக் குறித்தவுடன், அந்தக் காலத்தில் இல்லாதவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். பலரும் இதைச் செய்வதில்லை, பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் நுழைகின்றன. மிளகாய், புகையிலை, மரவள்ளி, பப்பாசி, அன்னாசி எல்லாம் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்தவை. ஆகவே 1500இல் கொதிக்கும் ஒடியல் கூழில் மிளகாயும் இல்லை, மரவள்ளித் துண்டும் இல்லை. உறைப்பு வேண்டுமென்றால் மிளகு. யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் ஐங்கோணமாக மாற்றியது. இன்றைய நல்லூர்க் கோயில் 1734இல் எழுந்தது, அரசர் காலத்துக் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்துவிட்டார்கள். இன்றைய கோயிலின் தெற்குக் கோபுரம் 2011இல்தான் நிமிர்ந்தது. கண்ணால் பார்க்கும் யாழ்ப்பாணத்தை அப்படியே வரைந்தால் நானூறு ஆண்டு தவறிவிடும். கற்பனை நாட்டில் மிளகாய் இருக்கக்கூடாது என்று சட்டமில்லை. தெரிந்து வைப்பதும் தெரியாமல் வைப்பதும் வேறு, அவ்வளவுதான்.

முதலில் தண்ணீர்

எந்தச் சமூகத்தை எடுத்தாலும் முதல் கேள்வி குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதாக இருக்கட்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்தக் கேள்வியை எவ்வளவு தோண்டினாலும் பலன் வரும்.

நிலம் சுண்ணக்கல். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. மாரிக்கு மட்டும் வழுக்கையாறு போன்ற ஓட்டங்கள் தெரியும். ஐப்பசி தொடங்கிப் பெய்யும் மழை கல்லின் வெடிப்புகளால் இறங்கி, கீழே உள்ள உவர்நீரின்மேல் நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. மறுபக்கமாகப் பார்த்தால், மேலே ஓர் அடி குறையும்போது கீழிருந்து உவர் நாற்பது அடி ஏறப் பார்க்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு வற்றுவதற்கு முன்பே உவர்த்துவிடுகிறது. இறைத்தவரின் கிணறு மட்டுமல்ல, அயல் வளவுக் கிணறும் சேர்ந்து கெடும்.

இனி இறைப்பு. கிணற்று ஏற்றமான துலாவில் ஒருவர் ஏறி முன்னும் பின்னும் மிதிக்க வேண்டும், ஒருவர் கிணற்றடியில் நின்று நீர் அள்ளும் பட்டையைக் கவிழ்க்க வேண்டும், ஒருவர் தோட்டத்தில் பாத்தி மாறிக் கட்ட வேண்டும். மூன்று ஆள். குடும்பத்தில் இரண்டு பேர்தான் இருந்தால் அயலில் ஒருவரோடு கைமாற்று வேலை. ஆகவே அயலவரைப் பகைத்தவனுக்குப் பயிர் இல்லை. யாழ்ப்பாணத்து உறுதிப் பத்திரங்களில் காணியோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சேர்த்தே எழுதப்படுவது இதன் தொடர்ச்சி. ஒரு கிணற்றில் எட்டில் ஒரு பங்கு என்பது சீதனத்தில் பேரம் பேசும் அளவு பெரிய சொத்து.

இதை விளையாட்டு விதியாக்க நான்கு எண் போதும். ஊருக்குப் 12 நீர்ப்புள்ளி, மாரி வந்தால் 8 கூடும் (12க்கு மேல் போகாது), ஒரு தோட்டம் ஆண்டுக்கு 2 குடிக்கும், மீதி 4க்குக் கீழ் போனால் ஒரு பகடை. அதில் 1 அல்லது 2 விழுந்தால் கடலுக்கு மிகக் கிட்டிய கிணறு உவர்க்கும், இரண்டு மாரி போகும்வரை மீளாது. நான்கு தோட்டம் இருக்கும்வரை கணக்கு நேராக நிற்கும்: 12, செலவு 8, மீதி 4, மழையில் மீண்டும் 12. ஐந்தாவது தோட்டம் வந்தால் மீதி 2, அடுத்த ஆண்டு தொடக்கம் 10, அதன் முடிவில் பூச்சியம். புதிதாக வந்து குடியேறும் ஒரு குடும்பம் எவ்வளவு பெரிய ஊர்ச் சண்டையைக் கிளப்பும் என்பதை நீங்கள் சொல்லத் தேவையில்லை, ஆட்டக்காரரே கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பார்கள். எண்களை மாற்றலாம். ஆனால் நான்கு சரி, ஐந்து சரியில்லை என்ற விளிம்பு எங்காவது இருக்க வேண்டும்.

பிறகு பசி

பனையின் ஆண்டை எழுதினால் ஊரின் ஆண்டு கிடைத்துவிடும். தை, மாசி தொடங்கிக் கோடை முழுவதும் சாறு: அது கள்ளு, சுண்ணாம்பு தடவிய முட்டியில் கருப்பணி, காய்ச்சினால் பனங்கட்டி. ஆவணி, புரட்டாதியில் பழம். பழக்களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்தால் பினாட்டு. கொட்டைகளைப் பனம்பாத்தி போட்டால் மார்கழி, தையில் கிழங்கு. பச்சையாய்ப் பிளந்து காயவைத்தது ஒடியல், அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். நெல் பொய்த்த ஆண்டிலும் பானைக்குள் மாவு இருக்கும்.

இதிலிருந்து மூன்று விளைவு. ஒன்று, முற்றுகையிட்டுப் பட்டினி போடுவது இந்த ஊரில் எளிதல்ல. இரண்டு, பனை காய்க்க 15 முதல் 20 ஆண்டு செல்லும், எனவே தோப்பை வெட்டும் எதிரி ஒரு தலைமுறையின் சோற்றில் கைவைக்கிறான். உங்கள் நாட்டின் போர் அறத்தில் கோயிலை எரிப்பதைவிடப் பனையைத் தறிப்பது பெரிய பாவமாக இருக்கலாம். மூன்றாவதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. பனையில் ஆணும் பெண்ணும் வெவ்வேறு மரம், பாளை விடும்வரை எது எதுவென்று தெரியாது. தந்தை பத்து வடலியை, அதாவது இளம் பனையை, பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். பன்னிரண்டு ஆண்டு கழித்து மூத்தவளின் பங்கில் ஒன்றுகூடப் பெண் பனை இல்லை. ஒரு முழுக் கதை இந்த ஒரு தாவரவியல் உண்மைக்குள் இருக்கிறது.

அரசனின் பணம் எங்கிருந்து வருகிறது

குடாநாட்டில் காட்டு யானை இல்லை. வன்னியில் பிடித்து, ஆழமில்லாத களப்பை ஆனையிறவில் கடத்தி, ஊர்காவற்றுறையில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். வன்னியர் தலைவர்கள் யானையைத் திறையாகச் செலுத்தினர். அரசனிடம் துறைமுகம் உண்டு, யானை இல்லை. வன்னியரிடம் யானை உண்டு, துறைமுகம் இல்லை. ஒருவரையொருவர் நம்பவும் முடியாது, விடவும் முடியாது. கற்பனை அரசியலுக்கு இதைவிட நல்ல அச்சாணி கிடைப்பது கடினம். முத்து, சங்கு, சாயவேர் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் முதன்மைப் பொருள் ஒன்றாகவே இருக்கட்டும்.

1344இல் வந்த மொரோக்கோப் பயணி இபன் பதூதா, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியிடம் முத்துகளைக் கண்டதையும் அரசனுக்குப் பாரசீக மொழி விளங்கியதையும் எழுதிவைத்திருக்கிறார். "ஒதுங்கிக் கிடக்கும் தீவு அரசன்" என்ற வார்ப்பை இந்த ஒரு குறிப்பு உடைத்துவிடுகிறது. நாணயத்தில் படுத்திருக்கும் நந்தியும் "சேது" என்ற சொல்லும். சேதுகாவலன் என்பது விருது. கடலைக் கடந்து போகும் யாத்திரிகருக்குக் காவல் நிற்பவன் என்பதே அவன் ஆளும் உரிமைக்குச் சான்று. உங்கள் நாட்டு அரசனும் எதைக் காப்பதாகச் சொல்லி ஆள்கிறான் என்பதை ஒரே சொல்லில் நாணயத்தில் பொறிக்கப் பாருங்கள். முடியாவிட்டால் அரசனை நீங்கள் இன்னும் அறியவில்லை.

செகராசசேகரன், பரராசசேகரன் என்ற அரியணைப் பெயர்கள் மாறிமாறி வந்ததும் உதவும். "பரராசசேகரனின் ஒன்பதாம் ஆண்டு" என்று ஓர் ஓலை கிடைத்தால், எந்தப் பரராசசேகரன்? துப்பறியும் கதைக்கு இதுவே முடிச்சு.

சட்டமும் வீடும்

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்து அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707 வாக்கில் தொகுத்தார். சொத்து மூன்று வகை: வழிவழி வந்த முதுசம், மகளுக்குக் கொடுக்கும் சீதனம், மணவாழ்வில் உழைத்துச் சேர்த்த தேடிய தேட்டம். காணியை விற்க நினைப்பவர் முதலில் பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் வாங்கும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும். இதை ஆட்ட மேசைக்குக் கொண்டுவாருங்கள்: ஆட்டக்காரர் கை நிறையப் பொன்னோடு வந்து கடற்கரையில் ஒரு வளவு வாங்கப் பார்க்கிறார்கள். விற்பவர் தயார். ஆனால் ஏழு பங்காளிகள், அதில் ஒருவர் கடல் கடந்து போனவர், ஒருத்தி பேச்சுவார்த்தை இல்லாத மாமி. வாளால் தீர்க்க முடியாத சிக்கல் இப்படித்தான் பிறக்கும்.

ஒரு கவனம். அந்தத் தொகுப்பு அரசு வீழ்ந்து ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுக்குப் பின், ஆண்ட அந்நியரின் தேவைக்காக எழுதப்பட்டது. 1500க்கு அப்படியே கொண்டுபோக வேண்டாம். எடுக்கும் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு குறி போடுங்கள். கல்வெட்டு, நாணயம் என்றால் "கல்". நேரில் கண்டவர் எழுதியது "கண்". பின்னால் வந்தவர் கேட்டு எழுதியது "செவி". மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்தர் காலத்தது, ஆகவே செவி. போர்த்துக்கேயர் குறிப்பு கண்ணாக இருந்தாலும் வென்றவனின் கண். செவிக் குறிகளை எறிய வேண்டாம், ஒரு சமூகம் தன்னைப் பற்றி என்ன நம்பியது என்று சொல்பவை அவைதான். கற்பனை நாட்டின் ஐதிகங்களை அவற்றிலிருந்து எடுங்கள், விலையும் தூரமும் வேண்டுமானால் கல்லிடமும் கண்ணிடமும் போங்கள்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின, வேறு படியில்லாத ஏடுகளும் அவற்றோடு. எஞ்சியவற்றில் பலவற்றை 2005 முதல் "நூலகம்" என்ற எண்ணிம நூலகம் இணையத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. ஊர் வரலாறுகள், கோயில் மலர்கள், நினைவு மலர்கள் என்று அங்கே தேடுங்கள். இறந்தவர் ஒருவரின் நினைவு மலரின் பின்பக்கத்தில் ஊரின் தொழில், குளம், கோயில் பற்றிய விவரம் பெரிய வரலாற்று நூலைவிடக் கூடுதலாகக் கிடைப்பதுண்டு.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

இப்போது கையில் காரணங்கள் இருக்கின்றன. கற்பனையைச் சேர்க்கும் நேரம் இது. ஒரே ஒரு மந்திரம், அதுவும் ஏற்கெனவே உள்ள காரணம் ஒன்றின் மேல் ஏற வேண்டும். பல மந்திரங்களைத் தூவினால் எதன் விளைவு எது என்று தெரியாமல் போகும்.

எடுத்துக்காட்டு: இந்த நாட்டில் கிணற்றடியில் பொய்ச் சத்தியம் செய்தால் கிணறு உவர்த்துவிடும்.

இதைப் பின்தொடருங்கள். வழக்குகள் மன்றத்தில் அல்ல, கிணற்றடியில் கேட்கப்படும். நல்ல கிணறு உள்ள வளவுக்காரரே நீதிபதி ஆவார், ஆகவே நன்னீர்ச் சொத்து அதிகாரமாகும். வணிகர் சத்தியம் செய்யாமலே பேரம் முடிக்கும் பேச்சு முறை ஒன்றை வளர்த்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது கிணற்றடியில் வாய் பொத்துவது. எதிரி ஊரைக் கெடுக்கப் படை வேண்டாம், கூலிக்குப் பொய் சொல்ல ஒருவன் போதும், எனவே அந்நியருக்கு ஊர்க் கிணற்றில் இடமில்லை.

இனி முன்பு எழுதிய நீர்க் கணக்கை இதன்மேல் வையுங்கள். மிஞ்சி இறைத்தாலும் கிணறு உவர்க்கும், அதுவும் கரையோரக் கிணறு முதலில். உள்நிலத் தோட்டக்காரர் பேராசையில் இறைக்கிறார்கள், கரையோரத்தவரின் கிணறு உவர்க்கிறது, "கரையோரத்தார் பொய்யர்" என்ற பட்டம் விழுகிறது. அவர்களின் சாட்சியம் எடுபடாது, பிறகு அவர்கள் கிணற்றடிக்கே வரக்கூடாது. மந்திரமும் உண்மை, நிலவியலும் உண்மை, இரண்டையும் பிரித்தறிய ஊரில் ஒருவருக்கும் விருப்பமில்லை. ஆட்டக்காரருக்கு இதைவிட நல்ல பணி கொடுக்க முடியாது.

விளைவுகளைத் தேடும்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று கேள்வி: யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு, யார் இதை ஏமாற்றப் பார்ப்பார்? மூன்றாவதற்குப் பதில் இல்லாவிட்டால் சனங்கள் இன்னும் உயிர் பெறவில்லை.

வலியை எப்படிக் கையாள்வது

அந்தக் கிணற்றுக் கதை எங்கிருந்து வருகிறது என்று இங்குள்ள வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. கிணறும் கோயிலும் சாதியின் பெயரால் மறுக்கப்பட்ட ஊர்கள் இவை. அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது, அதற்குப் பிறகும் 1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் வாசலில் போராட வேண்டியிருந்தது. இதையெல்லாம் அழித்துவிட்டு அரசர் காலத்தைப் பொற்காலமாக வரைவது பொய். ஆனால் சாதியைக் கற்பனை "இனங்களாக" மாற்றி, ஒன்றுக்குப் பிறப்பிலேயே அறிவு கூடுதல், இன்னொன்றுக்கு உடல்வலு கூடுதல் என்று எண் கொடுப்பது அதைவிடப் பெரிய கேடு. அநீதி இயற்கையானது என்று அந்த விதி சொல்லிவிடுகிறது. வேறுபாடு எப்போதும் பாதையில் இருக்கட்டும்: எந்தக் கிணற்றடிக்கு யார் போகலாம், எந்த ஒழுங்கையால் யார் நடக்கலாம், யாருடைய சொல் சாட்சியாகும். பாதையை ஆட்டக்காரரால் உடைக்க முடியும்.

இன்றும் கும்பிடும் தெய்வத்துக்கு உயிர்ப்புள்ளி எழுதி, வெட்டி வீழ்த்தும் பூதமாக்க வேண்டாம். வில்லனுக்குச் சுற்றுவட்டாரத்து உண்மையான குடிப்பெயரும் வேண்டாம். போர், இடப்பெயர்வு, காணாமற்போனவர் ஆகியவற்றை மேசைக்குக் கொண்டுவருவதற்கு முன் ஆடுபவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் விடுங்கள்.

வேறிடத்துத் துண்டைப் பொருத்துவது

எல்லாவற்றையும் ஒரே சமூகத்திலிருந்து எடுக்க வேண்டியதில்லை. சோழர் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) சொல்லும் குடவோலைத் தேர்தல் முறையைப் பாருங்கள்: 30 குடும்பு (ஊர்ப் பிரிவு), வரி கட்டும் கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவர், வயது 35 முதல் 70, பெயரெழுதிய ஓலையைக் குடத்திலிட்டு ஒரு சிறுவன் எடுப்பான். கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்க முடியாது. தெரிவானவர்களில் 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம், பதவி ஓராண்டு. விளையாட்டுக்கு அப்படியே பொருந்தும். ஆனால் ஏரி வாரியம் ஏரி உள்ள ஊரின் பதில். உங்கள் சுண்ணக்கல் நாட்டில் ஏரி இல்லை. அந்த ஆறு பேரையும் இறைப்பு முறை பிரிக்கும் வாரியமாக்குங்கள், துண்டு உட்கார்ந்துவிடும். நிலமில்லாதவர் பெயர் அந்தக் குடத்துக்குள் போகவே முடியாது என்பதையும் மறைக்க வேண்டாம்.

சரிபார்க்க வெளியே தேட வேண்டாம். தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியலே போதும்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். ஒவ்வோர் ஊருக்கும் இந்த எட்டையும் நிரப்பி, ஒவ்வொன்றையும் வேறு இரண்டோடு "ஏனென்றால்" என்ற சொல்லால் இணையுங்கள். இணையாதது ஒட்டவைத்த அலங்காரம், வெட்டிவிடுங்கள். பறையை மட்டும் தவறவிட வேண்டாம். சாவுக்கு ஒரு அடி, கிணறு உவர்த்ததற்கு ஒரு அடி என்று மேசையைத் தட்டிக் காட்டினால், நான்காவது நாள் நீங்கள் வாய் திறக்குமுன்பே ஆட்டக்காரர் என்ன நடந்தது என்று அறிவார்கள்.

பெயர்கள் கடைசியில். இங்குள்ள ஊர்ப்பெயர் நிலத்தைச் சொல்லும்: துறை, குடா, புலம், கலட்டி, மோட்டை. சங்குக்குடா என்றால் கடல், மூன்றுபனைப்புலம் என்றால் தோட்டம், ஆலங்கலட்டி என்றால் கல்லு நிலம், விளக்கவுரை வேண்டாம். முதல் நாளில் புதுச் சொல் ஆறுக்கு மேல் போக வேண்டாம். ஆட்டக்காரருக்கு ஒரு பக்கம் மட்டும் கொடுங்கள்: அந்த நாட்டில் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த ஐந்து விடயம். மிச்சம் உங்கள் கொப்பியில் இருக்கட்டும், கேட்டால் எடுக்கலாம்.

ஆடுவதற்கு முந்தின இரவு, அந்த ஊரில் ஒருத்தியை விடியலிலிருந்து படுக்கும்வரை நடக்கவிட்டு எழுதிப் பாருங்கள். எந்தக் கிணற்றில் முகம் கழுவினாள், காலையில் என்ன குடித்தாள், ஒழுங்கையில் யாருக்கு வழிவிட்டாள், யார் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பினார், விளக்குக்கு எண்ணெய் எங்கே வாங்கினாள். பேனை எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்துக்குத்தான் மறுபடி நூலகம் போக வேண்டும்.